நூத்துக்கு ரெண்டு வட்டி: ஒரு பழைய கணக்கு



போன பதிவு நம் பக்கத்து ஏரிகளைப் பற்றியது. இது பணத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாடு முடிந்து, கையில் ஒரு பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு படியுங்கள். பழக்கதோஷம், கணக்கு இல்லாமல் எனக்கு எழுத வராது.

குரோம்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் மகன் பொங்கலுக்கு வந்திருந்தபோது என் மடிக்கணினியில் எக்செல் போட்டுக் கொடுத்து, "அத்தை, உங்க பழைய முதலீடு எல்லாம் உண்மையில எவ்வளவு வட்டி குடுத்துச்சுன்னு இதுல பாக்கலாம்" என்றான். நான் சிரித்தேன். முப்பத்தாறு வருடம் வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்தவளுக்கு இவன் வந்து சொல்வதா? ஆனால் அவன் போன பிறகு பீரோவிலிருந்த பழைய டைரிகளையும் பாஸ் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் கற்றதுதான் இந்தப் பதிவு.

ஏழாம் வகுப்பில் நான் சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா? அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகு. கேள்வித்தாளில் வீதம் கொடுத்திருப்பார்கள், நாம் வட்டியைக் கண்டுபிடிப்போம். வாழ்க்கையில் நிலைமை தலைகீழ். கொடுத்த பணம் தெரியும், வந்த பணம் தெரியும், எந்தெந்தத் தேதியில் என்று தெரியும். வீதம்தான் தெரியாது. நம்மிடம் யாராவது ஒரு வீதத்தைச் சொன்னாலும் அது விளம்பரத்தில் இருக்கும் வீதம், நம் கைக்கு வந்த வீதம் அல்ல.

தெரியாத வீதத்தைத் தேடும் கணக்கு நம் நாட்டில் மிகப் பழையது. ஆரியபட்டர் கி.பி. 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. 629-ல் அதற்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தரும் எடுத்துக்காட்டை என் வார்த்தையில் சொல்கிறேன். நூறு காசுக்கு ஒரு மாத வட்டி எவ்வளவு என்று தெரியாது. அந்த வட்டியையே அதே வீதத்தில் நாலு மாதம் கடன் கொடுத்தார்கள். வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேர்ந்து 6 ஆயிற்று. அப்படியானால் மாத வட்டி என்ன? விடை 5. சரிபாருங்கள்: 5 காசுக்கு மாதம் நூற்றுக்கு ஐந்து வீதம் நாலு மாதத்துக்கு 1 காசு. 5-ம் 1-ம் 6. நாம் பத்தாம் வகுப்பில் போடும் இருபடிச் சமன்பாடுதான்.

இரண்டு தவணை என்றால் இருபடி. இருபது வருடம் பணம் கட்டினால்? இருபதாம் படிச் சமன்பாடு. ஐந்தாம் படியும் அதற்கு மேலும் போனால் பொதுவான சூத்திரம் கிடையாது என்று நார்வே நாட்டு ஏபெல் 1824-ல் நிரூபித்துவிட்டார். அப்புறம் ஒரே வழிதான்: ஒரு வீதத்தை ஊகித்துப் போட்டுப் பார், கூடுதலாக வந்தால் குறை, குறைவாக வந்தால் கூட்டு. வகுப்பில் நீங்கள் விடையை ஊகித்து எழுதினால் நான் காதைத் திருகுவேன். கணினி செய்வதும் அதேதான், அதற்கு யாரும் காதைத் திருகுவதில்லை.

1970-களின் கடைசியில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர், கரும்பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் கட்டம் கட்டமாக எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்துத்தான் கணினியில் ஒரு கணக்குத் தாள் வேண்டும் என்று நினைத்தாராம். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் செய்த விசிகால்க் 1979-ல் வந்தது. 1983-ல் லோட்டஸ், 1985-ல் எக்செல். 90-களில் தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தபோது "லோட்டஸ் கற்றுத் தரப்படும்" என்று பலகை பார்த்திருப்பீர்கள். தாமரை வரையச் சொல்லித் தருகிறார்கள் என்று என் மாமியார் நினைத்திருந்தார்.

எக்செலில் நமக்கு வேண்டியவை மூன்று: ரேட், ஐஆர்ஆர், எக்ஸ்ஐஆர்ஆர். (பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) ஒவ்வொரு தவணையும் ஒரே தொகை என்றால் ரேட். தொகை மாறும், ஆனால் இடைவெளி சமம் என்றால் ஐஆர்ஆர். தொகையும் தேதியும் தாறுமாறாக இருந்தால் எக்ஸ்ஐஆர்ஆர். கையை விட்டுப் போன பணத்துக்குக் கழித்தல் குறி, வந்த பணத்துக்குக் கூட்டல். குறி போட மறந்தால் பிழை என்று வரும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10 சதவீதம் என்ற ஊகத்தில் தொடங்கும். ஐஆர்ஆர் 20 தடவை, எக்ஸ்ஐஆர்ஆர் 100 தடவை முயலும், அதற்குள் விடை கிட்டாவிட்டால் கைவிரித்துவிடும்.

நம் பக்கத்துக் கணக்கு இரண்டே வகை. ஒன்று "நூத்துக்கு எவ்வளவு", இன்னொன்று "எத்தனை வருஷத்துல இரட்டிப்பு". முதல் வகை சோழர் காலத்திலேயே உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் வருடம் கழித்து நம் தெருவில் "நூத்துக்கு ரெண்டு" என்றால் மாதத்துக்கு இரண்டு. எழுதிக்கொள்ள வேண்டியதே இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எங்கள் ஆசிரியர் அறைச் சீட்டைப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பேர், மாதம் 1,000, பத்து மாதம். சீட்டு நடத்தக் கமிஷன் கிடையாது, டீ மட்டும். முதல் மாதம் 1,800 தள்ளி எடுத்தார் ஒருவர், அடுத்தவர் 1,600, இப்படி 200 குறைந்து குறைந்து கடைசியில் தள்ளுபடியே இல்லை. தள்ளின பணத்தைப் பத்துப் பேரும் பிரித்துக்கொள்வதால் முதல் மாதம் 820 கட்டினால் போதும், பிறகு 840, 860... கடைசி மாதம் முழு 1,000. ஆக எல்லோரும் கட்டியது 9,100. நான் எப்போதும் கடைசிச் சீட்டு. 10,000 வாங்கினேன், 900 லாபம், ஏறக்குறைய 10 சதவீதம் என்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

தப்பு. என் 9,100-ம் முதல் நாளே போகவில்லையே, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே போயிற்று! பத்துக் கட்டத்தில் போட்டு ஐஆர்ஆர் கேட்டால் 2.16 சதவீதம் என்றது. மாதக் கணக்கில் போட்டால் மாத வீதம்தான் வரும். 12-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 26. என்னை நானே குறைத்து எழுதியிருக்கிறேன். அப்படியே திருப்பி, முதல் மாதம் எடுத்தவருக்குப் போட்டேன். கைக்கு வந்தது 7,380. பிறகு ஒன்பது மாதத்தில் கட்டியது 8,280. மாதம் 2.3 சதவீதம் வட்டி. வருடத்துக்கு 27-க்கு மேல். அவர் எங்கள் பள்ளி ஆயா. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஒவ்வொரு சீட்டிலும் முதலில் எடுப்பவர். என் 26 சதவீதத்தில் பெரும் பங்கு அவர் கொடுத்தது. அப்போது தெரியவில்லை. கட்டங்கள் காட்டிக் கொடுத்துவிட்டன.

(சீட்டுக்கு நம் மாநிலத்தில் 1961-லேயே சட்டம் வந்தது, பிறகு 1982-ல் மத்தியச் சட்டம். பதிவு செய்யாமல் இப்படி நடத்துவது சட்டப்படி தவறு. ஆசிரியர் அறையில் யாருக்கும் அது தெரியாது. பதிவு பெற்ற சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் வரை என்று இருந்தது, 2019-ல் 7 ஆக்கினார்கள். அதைச் சேர்த்தால் என் கணக்கு இன்னும் இறங்கும்.)

தவணைக்கு வண்டி வாங்கியவர்கள் இதையும் போட்டுப் பாருங்கள். 30,000 கடன், 36 மாதம், "பன்னிரண்டு சதவீதம் பிளாட் ரேட்". வட்டி 10,800 சேர்த்து மாதம் 1,133 ரூபாய் சொச்சம். ரேட் கேட்டால் வருடத்துக்கு 21.2 வருகிறது. மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே முழு அசலுக்கும் வட்டி கட்டுகிறோம், அவ்வளவுதான் ரகசியம்.

இரண்டாவது வகை, இரட்டிப்பு. 1986-ல் தபால் ஆபீசில் இந்திரா விகாஸ் பத்திரம் வந்தது. ஐந்து வருடத்தில் இரட்டிப்பு. அதில் பெயரே இருக்காது, ரூபாய் நோட்டு மாதிரி கையில் இருப்பவருக்குச் சொந்தம், தொலைந்தால் தொலைந்ததுதான். என் மாமனார் அரிசிப் பானையில் வைத்திருந்தார். இரண்டின் ஐந்தாம் படிமூலம் எடுத்தால் வருடம் 14.87 சதவீதம். 1988-ல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை வருடம், அது 13.4. அதை நிறுத்தி 2014-ல் மறுபடி கொண்டு வந்தபோது 100 மாதம், 8.7. இப்போது 115 மாதம், 7.5. இரட்டிப்பு என்ற சொல் மாறவே இல்லை, வீதம் பாதியாகிவிட்டது பாருங்கள். (கணினி இல்லாவிட்டால் 72-ஐ வருடத்தால் வகுங்கள், தோராயமாக வந்துவிடும். இத்தாலியில் பசியோலி 1494-லேயே எழுதிவைத்த வழி.)

இரட்டிப்பு என்ற சொல்லில் நானே ஏமாந்திருக்கிறேன். 1988 முதல் 20 வருடம், வருடத்துக்கு 4,000 என்று ஒரு காப்பீட்டுப் பாலிசி கட்டினேன். 80,000 போய் 1,60,000 வந்தது. "அப்படியே டபுள்" என்று தெருவெல்லாம் சொன்னேன். ரேட் கட்டத்தில் 20, கழித்தல் 4000, 0, 160000, 1 என்று போடுங்கள் (கடைசி 1, வருட ஆரம்பத்தில் கட்டினேன் என்பதற்கு). 6.2 சதவீதம். அந்தக் காலத்தில் பி.பி.எஃப். 12 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. உயிருக்குக் காப்பு இருந்ததே என்பீர்கள். உண்மை, அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் ஆறு சதவீத விலையா என்று எனக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

இனி சொந்தக்காரர்கள் கோபிக்கக் கூடாது. நம் வீட்டுக் கல்யாணங்களில் தவறாமல் வரும் பேச்சு, "1990-ல் சேலையூர்ல அறுபதாயிரத்துக்கு வாங்கின மனை, இன்னிக்கு அறுபது லட்சம், நூறு மடங்கு!" நூறு மடங்குதான், மறுக்கவில்லை. 35 வருடத்தில் நூறு மடங்கு என்றால் வருடத்துக்கு 14 சதவீதம். நல்ல வருமானம்தான், மந்திரம் இல்லை. சுற்றுச்சுவர், வரி, ஆக்கிரமிப்பு வழக்குக்கு வக்கீல் ஃபீஸ் எல்லாவற்றையும் தேதி போட்டு எக்ஸ்ஐஆர்ஆரில் சேர்த்தால் இறங்கும். அண்ணா, உங்கள் மனையைத்தான் சொல்கிறேன், கணக்கு அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன்.

இப்போது எழுதத் தயங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

சென்னையில் பணத்தை நம்பிக் கொடுத்து இழந்த கதை புதிதல்ல. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு 1872-ல் தொடங்கியது. அங்கத்தினர்கள் தங்களுக்குள் சேமித்துத் தங்களுக்குள் கடன் வாங்கும் நிதிகள் அப்படித்தான் இங்கே வேர்விட்டன. ஆனால் பெரிய மனிதர்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் பணம் போட்டது வெள்ளைக்காரர்களின் ஆர்பத்நாட் கம்பெனியில். 1906 அக்டோபர் 22 அன்று அது கதவைச் சாத்தியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முயன்று 1907-ல் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. இதை நான் வகுப்பில் கதையாகவே சொல்லியிருக்கிறேன். சொல்லிய அதே கையால்தான் 1996 ஜூனில் அந்தப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

1990-களின் நடுவில் சென்னை முழுக்க ஃபைனான்ஸ் கம்பெனிகள். பேப்பரில் அரைப் பக்கம் விளம்பரம், 24 சதவீதம், 30 சதவீதம், மேலே தங்கக் காசு. நான் போட்ட கம்பெனியின் பெயர் வேண்டாம். அலுவலகம் மாம்பலத்தில். நூத்துக்கு ரெண்டு வட்டி, மாதாமாதம் கையில். 50,000 போட்டேன். என்னோடு வேலை பார்த்த கைத்தொழில் டீச்சர் (பழைய மாணவர்களுக்கு யாரென்று தெரியும், பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்) மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த 75,000 போட்டார். ஏன் போட்டார்? "கணக்கு டீச்சரே போடுறாங்க" என்று.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை இரண்டு பேரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலம் போவோம். வட்டி வாங்கிக்கொண்டு, ரங்கநாதன் தெருவில் ஏதாவது பாத்திரம் வாங்கிக்கொண்டு வருவோம். 14 மாதம் எனக்கு மாதம் 1,000, அவருக்கு 1,500. 1997 செப்டம்பரில் போனபோது இரும்புக் கதவு இறக்கியிருந்தது. வெளியே கூட்டம். ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்து பாஸ் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம்தான் இரண்டு சட்டங்கள் வந்தன. ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, நிதி நிறுவனங்கள் பதிவு பெற வேண்டும், குறைந்தது 25 லட்சம் சொந்த நிதி வேண்டும் என்றார்கள். தமிழ்நாடு அரசு முதலீட்டாளர்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது, டான்பிட் என்பார்களே, அது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று, போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி. அடுத்து மகாராஷ்டிரமும் 1999-ல் இப்படி ஒரு சட்டம் கொண்டு வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சட்டம் நல்ல சட்டம்தான். என் பங்கு 12,500 ரூபாய், 2009 ஜூனில் வந்தது.

எக்செலில் இதைத்தான் கடைசியாகப் போட்டேன். முதல் பத்தியில் தேதி, இரண்டாவது பத்தியில் தொகை. 1996 ஜூன், கழித்தல் 50,000. பிறகு பதினாலு தடவை 1,000. பிறகு ஒரு பெரிய இடைவெளி. 2009 ஜூன், 12,500. எக்ஸ்ஐஆர்ஆர் அடித்தேன். 0.00 சதவீதம் என்று வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. நட்டம் இல்லை போலிருக்கிறதே! அப்புறம்தான் ஏழாம் வகுப்புப் புத்தி வந்தது. 50,000 போய் மொத்தம் 26,500 வந்திருக்கிறது, எப்படிப் பூஜ்யம் ஆகும்? அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "அத்தை, நட்டமான கணக்குல அது 10-ல ஆரம்பிச்சுத் தேடும்போது சில சமயம் வழி தவறிப் பூஜ்யத்துல நின்னுடும். மூணாவதா ஊகம்னு ஒரு இடம் இருக்குல்ல, அங்க கழித்தல் 0.1 போடுங்க" என்றான். போட்டேன்.

மைனஸ் 7.7.

வருடத்துக்கு வருடம், பதின்மூன்று வருடம், 7.7 சதவீதம் கரைந்துகொண்டே வந்த பணம். விளம்பரத்தில் 24. விலைவாசி ஏற்றம் இதில் சேரவில்லை. 1996-ல் 12,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கக்கூடிய தங்கத்தில் பாதி கூட 2009-ல் வாங்க முடியவில்லை. உங்களில் எக்ஸ்ஐஆர்ஆர் பயன்படுத்துகிறவர்கள், மியூச்சுவல் ஃபண்டுக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள், பூஜ்யத்தைக் கண்டால் நம்பாதீர்கள். வந்ததையும் போனதையும் முதலில் விரலால் கூட்டிப் பாருங்கள்.

தோழியின் கணக்கையும் போட்டேன். அவருக்கும் அதே வீதம்தான், தொகைதான் ஒன்றரை மடங்கு. ஆனால் அவர் மகள் கல்யாணம் 1998 தையில். 2009-ல் வந்த பணம் அந்தக் கல்யாணத்துக்கு என்ன செய்யும்? அவர் வளையல்களை அடகு வைத்து, ஒரு இடத்தில் நூத்துக்கு மூணு வட்டிக்குக் கடன் வாங்கி நடத்தினார். அந்தக் கடனை அடைக்க நாலு வருடம் ஆயிற்று. அதையும் கட்டத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். தேதிகள் அவரிடம்தான் இருக்கும். இருபத்தேழு வருடமாக இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு மாடம்பாக்கம் போனேன். காபி குடித்து முடித்துத் திரையைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்க வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ரேட், ஐஆர்ஆர், ஊகம் என்று பாடம் நடத்திக்கொண்டே போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று விரல் வைத்து எண்ணினார். பதினாலும் சரியாக இருந்தது.

"எல்லாம் சரி டீச்சர். மாம்பலத்துக்கு ரெண்டு பேரும் போய் வந்த ரயில் டிக்கெட்டைச் சேத்தீங்களா?" என்றார்.

சேர்க்கவில்லை.

"அப்ப சேருங்க. அந்தப் பாத்திரமெல்லாம் வேண்டாம், அது இன்னும் வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடகுக் கடைச் சீட்டுகள் வைத்திருக்கும் டப்பாவை எடுத்து வர உள்ளே போனார்.